ரோமாபுரிக்கு வெள்ளையடித்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் பண்டைய ரோமாபுரியைக் காட்டும் ஆங்கிலத் திரைப்படங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். விறுவிறுப்பாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் ‘அசல் ரோமாபுரியை நேரில் பார்ப்பதுபோல்’ என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டு, அதற்குச் சாட்சியாக ஒரு பெரிய படத்தையும் போட்டிருந்தீர்கள். தூண்கள் வெள்ளை, படிகள் வெள்ளை, சிலைகள் வெள்ளை, செனட்டர்களின் அங்கியும் வெள்ளை. வண்ணத்தில் அச்சான பக்கம் அது. கறுப்பு மையை மட்டும் வைத்து அச்சிட்டிருந்தாலும் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. அந்தப் படத்தின் மேல் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

நான் கோபுரங்களுக்கு வர்ணம் தீட்டுகிறவன். ஊர் கும்பகோணம். என் தகப்பனாருக்கும் இதே தொழில்தான். ஸ்தபதிகள் சுதை வேலையை முடித்துக்கொண்டு இறங்கிய பிறகு சாரத்தில் ஏறுவது நாங்கள். அதற்கு முன் பழைய வர்ணத்தைச் சுரண்டி, வெடிப்புகளை அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலையும் எங்கள் தலையில்தான் விழும். ஒரு குடமுழுக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் பன்னிரண்டு ஆண்டு என்பது கணக்கு. பணமில்லாத கோயிலில் அது இருபது, இருபத்தைந்து என்று நீளும். அப்படி நீண்ட கோபுரத்தில் ஏறிப் பார்த்தால் மழையும் வெயிலும் எந்த வரிசையில் தின்கின்றன என்பது தெரியும். மூக்கு நுனி, தோள், முழங்கால், வயிற்று மேடு ஆகியவற்றில் வர்ணம் முதலில் போய்விடும். அக்குளிலும், காது மடலுக்குப் பின்னும், ஆடை மடிப்பின் உட்புறத்திலும் கடைசி வரை ஒட்டிக்கொண்டிருக்கும்.

கிரேக்க, ரோமானியச் சிலைகளில் ஆய்வாளர்கள் வர்ணத்தைக் கண்டெடுத்ததும் இதே மூலைமுடுக்குகளில்தான். இதைப் படித்த அன்று எனக்கு ஆச்சரியமே வரவில்லை. வேறு எங்கே இருக்கும்?

ரோமாபுரிக்கு அருகே பிரிமா போர்ட்டா என்ற இடத்தில் 1863-இல் அகஸ்டஸ் பேரரசரின் சிலை மண்ணிலிருந்து வெளிவந்தபோது அதன் உடையிலும் மார்புக் கவசத்திலும் சிவப்பும் நீலமும் கண்ணுக்கே தெரிந்தன. இன்று அது வாட்டிகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாடப் புத்தகங்களில் வெள்ளை வெளேரென்று அச்சாகிறது. ஏதென்ஸுக்கு வெளியே 1972-இல் ஃப்ராசிக்லியா என்ற பெண்ணின் கல்லறைச் சிலை கிடைத்தது. மணமாகாமல் இறந்த பெண். கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் வேலை. அவளுடைய சிவப்பு ஆடை நிறைய பூ வேலைப்பாடு. பரோஸ் தீவின் அரிஸ்டியோன் செய்தது என்று பீடத்தில் சிற்பியின் பெயர் வெட்டியிருக்கிறது. அந்தப் பூக்களைத் தீட்டியவன் யார் என்று எழுதவில்லை. எங்கள் ஊர்த் திருப்பணிக் கல்வெட்டுகளிலும் இதே கதைதான், சொன்னால் வம்பு.

போன வர்ணத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு வழி எங்களுக்கே தெரிந்தது. விளக்கைச் சிலையின் மேற்பரப்போடு சாய்த்துப் பக்கவாட்டில் பிடிப்பார்கள். பட்டி பார்த்த சுவரில் மேடு பள்ளம் தெரிய நாங்களும் அப்படித்தான் பிடிப்போம். சில நிறம் கெட்டியாக நின்று கல்லைக் காத்திருக்கும்; சில நிறம் சீக்கிரம் உதிர்ந்து கல்லை அரிக்க விட்டிருக்கும். வர்ணம் முழுக்கப் போன பின்னும் அந்த வேறுபாடு நூலளவு மேடாக நிற்கும். அதில் பழைய கட்டமும் கொடியும் பூவும் தெரியும். கிரேக்கத்தின் ஏஜினா தீவுக் கோயிலில் இருந்து மியூனிக் நகரத்துக்குப் போன வில்லாளன் சிலையின் காலில் சாய்சதுரக் கட்டம் போட்ட கால்சட்டை இருந்தது இப்படித்தான் தெரியவந்தது.

இன்னொரு வழி எங்கள் கையில் இல்லாதது. எகிப்திய நீலம் என்று ஒரு நிறம். மணலையும் செம்பையும் சுண்ணாம்பையும் சேர்த்து உலையில் சுட்டுச் செய்தது. கண்ணுக்கே தெரியாத துகளாக எஞ்சியிருந்தாலும் அதன் மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் அகச்சிவப்புக் கேமராவில் பளீரென்று ஒளிரும். ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் சிற்பங்களில் ஐரிஸ் தேவதையின் இடைக்கச்சு நீலமாக இருந்ததை 2009-இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இவ்வாறு கண்டுபிடித்தார்கள். அதுவரை இருநூறு ஆண்டுகளாக அந்தச் சிற்பத்தைப் பார்த்தவர்கள் அதன் வெண்மையைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவு கருவியும் வேண்டாம், அந்தக் காலத்து மனிதர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். சிலைக்கு வர்ணம் தீட்டுபவனிடம் வந்து, உடம்பிலேயே அழகான உறுப்பு கண்ணாயிற்றே, அதற்கு அழகான ஊதா நிறத்தைப் பூசாமல் ஏன் கறுப்பைப் பூசுகிறாய் என்று ஒருவன் கேட்பதாகக் கிரேக்கத் தத்துவ ஞானி ப்ளேட்டோ எழுதுகிறார். கண் கண்ணாகத் தெரிய வேண்டாமா என்பது பதில். சாரத்துக்குக் கீழே நின்று இப்படி யோசனை சொல்லும் ஆட்களை எனக்கும் தெரியும். நாடகாசிரியர் யூரிபிடீஸின் ஹெலன், தன் அழகால் வந்த வினையை நொந்து, சிலையின் நிறத்தைத் துடைப்பதுபோல் இந்த அழகைத் துடைத்துவிட முடியாதா என்கிறாள். நிறமில்லாத சிலை என்றால் அவளுக்கு அவலட்சணம்! ரோமானியரான ப்ளினி இன்னொரு செய்தி தருகிறார். புகழ்பெற்ற சிற்பி ப்ராக்ஸிடிலீஸிடம், நீங்கள் செய்த சலவைக்கல் சிலைகளில் உங்களுக்குப் பிடித்தது எது என்று கேட்டார்களாம். நிக்கியாஸ் கை வைத்தவை என்றாராம். நிக்கியாஸ் ஓவியர். சிலைக்கு நிறம் கொடுத்தவர். ஒரு சிற்பியின் வாயிலிருந்து வர்ணக்காரனுக்கு இப்படி ஒரு வார்த்தை வந்ததை நான் எழுதி வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு மண் ஜாடி. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் தெற்கு இத்தாலியில் குடியேறிய கிரேக்கர்கள் செய்தது. அதில் ஒரு தொழிலாளி, கிரேக்கர்கள் தெய்வமாக வணங்கிய வீரர் ஹெராக்ளீஸின் சிலைக்கு வர்ணம் ஏற்றிக்கொண்டிருக்கிறான். ஒரு தோளை மட்டும் மூடும் வேலைக்காரத் துணி அணிந்திருக்கிறான். பக்கத்தில் ஒரு பையன் கரி அடுப்பில் கம்பிகளைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறான். மெழுகில் குழைத்த வர்ணத்தைச் சூட்டால் பதிய வைப்பதற்கு. எடுபிடிப் பையன் இல்லாமல் எந்தக் காலத்திலும் இந்த வேலை நடந்ததில்லை போலிருக்கிறது. மறுபக்கம் ஹெராக்ளீஸே நேரில் வந்து நின்று, தன் சிலை எப்படி வருகிறது என்று வேடிக்கை பார்க்கிறார்! தெய்வம் வந்து பார்ப்பது சிற்பியின் உளியை அல்ல, வர்ணக்காரனின் கையை. எங்கள் ஆட்களிடம் கைப்பேசியில் இந்தப் படத்தைக் காட்டினேன். அந்தப் பையனுக்கு என்ன கூலி கொடுத்திருப்பார்கள் என்று ஒருவர் கேட்டார்.

அப்படியானால் வெள்ளை எங்கிருந்து வந்தது? பாதி மழை செய்தது, பாதி மண் செய்தது. ஐரோப்பியர்கள் 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் தோண்டி எடுத்தபோது பல சிலைகள் வெறுங்கல்லாக வந்தன. அதுதான் முன்னோர் விருப்பம் என்று நினைத்துத் தங்கள் சிலைகளையும் வெறுங்கல்லாகவே விட்டார்கள். அதன் பிறகு 18-ஆம் நூற்றாண்டில் விங்கல்மன் என்ற ஜெர்மானிய அறிஞர் வந்து, உடல் எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு அழகு என்று நூல் எழுதினார். கிரேக்க நாட்டில் அவர் கால் வைத்ததே இல்லை. பாம்பெய் நகரத்தில் 1760-இல் சிவந்த கூந்தலும் வர்ணக் கரை போட்ட ஆடையுமாக ஆர்ட்டெமிஸ் என்ற கிரேக்கப் பெண் தெய்வத்தின் சிலை ஒன்று கிடைத்தது. அதை அவர் பார்த்தார். நிறத்தையும் குறித்து வைத்தார். இது கிரேக்க வழியில் வந்ததாக இராது, ரோமானியருக்கு முன் இத்தாலியில் செழித்திருந்த எட்ருஸ்கர்களுடையது என்று ஒதுக்கினார். கண்ணில் பட்டதைவிட மனத்தில் இருந்தது பெரிதாகிவிட்டது.

வர்ணம் எஞ்சியிருந்த இடத்தையும் மனிதன் விட்டுவைக்கவில்லை. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்த்தினான் சிற்பங்களுக்கென்று ஒரு செல்வந்தர் புதிய கூடம் கட்டிக்கொடுத்தார். அதற்காக 1937, 1938-ஆம் ஆண்டுகளில் வேலையாட்கள் செம்பு உளியும் உராய்வுக் கல்லும் கொண்டு சிற்பங்களைத் தேய்த்தார்கள். பழுப்பாக இருக்கிறதே, வெள்ளையாகட்டும் என்று. கல்லின் மேல்தோலே போய்விட்டது. விவரம் வெளியே வந்து பெரிய சச்சரவானது. அறுபது ஆண்டு கழித்து 1999-இல் அதே அருங்காட்சியகம் அதைப் பற்றி ஒரு கருத்தரங்கு நடத்தியது. இதைப் படித்தபோது எனக்கு நம் கோயில்களில் நடந்த மணல் வீச்சுதான் நினைவுக்கு வந்தது. எண்ணெய்ப் பிசுக்கையும் பழைய சுண்ணாம்பையும் போக்க என்று காற்றழுத்த இயந்திரத்தால் மணலை வாரி அடித்தார்கள். கல்வெட்டு எழுத்துகள் மழுங்கின. வல்லுநர்கள் எதிர்த்த பிறகுதான் அதற்குத் தடை வந்தது. அப்படிச் சுத்தமான ஒரு மண்டபத்தில் நான் வேலை பார்த்திருக்கிறேன். தூண்கள் புதிதாக வாங்கி வந்தவைபோல் இருந்தன.

திரைப்படத்துக்கு வருகிறேன்.

இந்த ரோமாபுரிப் படங்கள் ரோமாபுரியைப் பார்த்து எடுக்கப்பட்டவை அல்ல. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியங்களைப் பார்த்து எடுக்கப்பட்டவை. 2000-இல் வந்த ‘கிளாடியேட்டர்’ படத்தின் இயக்குநர் ரிட்லி ஸ்காட்டிடம் தயாரிப்பாளர்கள் போய் முதலில் காட்டியது ஓர் ஓவியத்தின் நகலை. 1872-இல் பிரெஞ்சு ஓவியர் ழெரோம் வரைந்தது. மல்லன் எதிரியை மிதித்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறான். கூட்டம் கட்டைவிரலைக் கீழே காட்டிக் கொல்லச் சொல்கிறது. அதைப் பார்த்த மாத்திரத்தில் படம் எடுக்க ஒப்புக்கொண்டதாக இயக்குநரே சொல்லியிருக்கிறார். கட்டைவிரலை எந்தப் பக்கம் திருப்பினால் சாவு என்று பழைய நூல்கள் தெளிவாகச் சொல்லவில்லை. அந்த ஓவியம் சொல்லியது, சினிமா அதைப் பிடித்துக்கொண்டது, இன்று ஃபேஸ்புக்கில் நாம் எல்லோரும் அந்தக் கட்டைவிரலைத்தான் மேல்நோக்கித் திருப்பி அழுத்திக்கொண்டிருக்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இதே ழெரோம் பிற்காலத்தில் 1893-இல் இன்னோர் ஓவியம் வரைந்தார். கனடாவின் டொராண்டோ நகரத்தில் இருக்கிறது. பண்டைய கிரேக்கப் பட்டறை ஒன்று. ஒரு பெண் உட்கார்ந்து சிறு பொம்மைச் சிலைகளுக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறாள். ஓவியம்தான் சிற்பத்துக்கு உயிர் ஊதுகிறது என்ற பொருளில் லத்தீனில் தலைப்பு. தான் செய்த சலவைக்கல் சிலைகளுக்கும் அவர் நிறம் ஏற்றினார். அதாவது சினிமாக்காரர்கள் குருவாகக் கொண்ட ஓவியருக்கே உண்மை தெரியும். அவர்கள் அவரிடமிருந்து இரத்தத்தை எடுத்துக்கொண்டார்கள், வர்ணத்தை விட்டுவிட்டார்கள்.

அதே ‘கிளாடியேட்டர்’ படத்தில் இளம் பேரரசன் ரோமாபுரிக்குள் நுழையும் காட்சி, ஹிட்லர் காலத்து ஜெர்மானியப் பிரசாரப் படத்தை நினைவூட்டுவதாக விமரிசகர்கள் அப்போதே எழுதினார்கள். கறுப்பும் சாம்பலும் வெள்ளையுமாக அணிவகுப்பு. தற்செயல் என்று சொல்ல முடியாது. வெள்ளைக்கல் ரோமாபுரியை விரும்பிக் கொண்டாடியவர்களில் இத்தாலியச் சர்வாதிகாரி முசோலினியும் ஒருவர். 1930-களில் அவர் ரோமில் கட்டிய விளையாட்டரங்கைச் சுற்றி வெள்ளைச் சலவைக்கல்லில் உடற்கட்டு வீரர்களாக நிறுத்தி வைத்தார். பழைய கிரேக்கரும் ரோமானியரும் தங்களைப் போன்ற வெள்ளைத் தோலினர் என்று ஐரோப்பாவில் இனப் பெருமை பேசியவர்களுக்கும் இந்த வெறுங்கல் வசதியாக இருந்தது. சிலையின் தோலுக்குக் காவி கலந்த நிறம் பூசிக் காட்டியவுடன் அவர்களுக்கு வரும் கோபத்துக்கு இதுதான் காரணமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் படத்தின் களமான, மல்லர்கள் மோதிய கொலோசியம் அரங்கத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2013-இல் அதன் உள் நடைபாதை ஒன்றில் பல நூற்றாண்டு அழுக்கை எடுத்தபோது அடியில் சிவப்பு, நீலம், பச்சைச் சுவரோவியங்கள் வந்தன. அதற்கு முந்தைய ஆண்டு, சற்றுத் தள்ளியுள்ள, டைட்டஸ் பேரரசரின் வெற்றி வளைவில், எருசலேமிலிருந்து சூறையாடி வந்த ஏழு கிளை விளக்கின் சிற்பத்தில் மஞ்சள் காவி தெரிந்தது. பொன் விளக்கு என்பதற்காக மஞ்சள். இவை எல்லாம் இரகசியம் அல்ல, செய்தித்தாளில் வந்தவை. இத்தனைக்குப் பிறகும் இயக்குநர்கள் ஏன் வெள்ளையை விடுவதில்லை? வர்ணம் பூசினால் ரோமாபுரி என்று பார்ப்பவர் நம்பமாட்டார் என்ற பயம். பார்ப்பவர் நம்பாததற்குக் காரணம் முந்தைய படங்கள். பொய் சாட்சிக்கு இன்னொரு பொய் சாட்சியே ஆதாரம்.

இந்த விஷயத்தில் வீடியோ விளையாட்டுக்காரர்கள் துணிந்தவர்கள். என் பேரன் ‘அசாசின்ஸ் கிரீட் ஒடிசி’ என்று ஒன்றை ஆடுகிறான். 2018-இல் வந்தது. கி.மு. 431-இல் ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் மூண்ட போரின் காலம் அதில். சண்டையை நிறுத்திவிட்டுச் சும்மா ஊரைச் சுற்றிக் காட்டச் சொன்னேன். கோயில்களில் சிவப்பும் நீலமும் இருக்கின்றன. சிலைகளுக்கு நிறம் இருக்கிறது. நிறைய நேரம் பார்த்தேன். பேரன் பொறுமை இழந்துவிட்டான்.

இனி நான் சொல்லப்போவதை அறிஞர்கள் ஏற்பார்களோ தெரியாது. தொழிலில் கண்டதைச் சொல்கிறேன். மியூனிக் நகரத்தில் பிரிங்க்மன் என்ற ஆய்வாளரும் குழுவினரும் பழைய சிலைகளுக்கு வார்ப்பு நகல் எடுத்து, கண்டுபிடித்த நிறங்களைப் பூசி 2003-இல் கண்காட்சி வைத்தார்கள். அது பல நாடுகளுக்குப் போனது. அதன் படங்களைப் பார்த்துப் பலர் முகம் சுளிக்கிறார்கள். பொம்மைக் கடைபோல் இருக்கிறது, வெள்ளையே மேல் என்கிறார்கள். நான் பார்த்தபோது எனக்குத் தோன்றியது வேறு. இது முதல் பூச்சோடு நிற்கிற வேலை. இன்னும் முடியவில்லை.

ஒரு முகத்தை நாங்கள் எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன். முதலில் முகம் முழுக்க ஒரே நிறம். அந்த நிலையில் அது தட்டையாக, பார்க்கச் சகிக்காமல் இருக்கும். காய்ந்த பிறகு அதே நிறத்தில் காவியும் துளி நீலமும் சேர்த்து மூக்கின் இரு பக்கம், தாடைக்குக் கீழ், கழுத்து மடிப்பு என்று நிழல் கொடுப்போம். கன்னத்திலும் நெற்றியிலும் மேட்டைத் தூக்கிக் காட்ட வெளிச்சம். பிறகு உதடு, புருவம், எல்லாவற்றுக்கும் கடைசியில் கண். கல்லின் நுண் துளைகளில் இறங்கித் தங்குவது அந்த முதல் பூச்சு. மேலே மெல்லிசாகக் கொடுத்த நிழலும் கோடும் முதலில் உதிரும். ஆய்வாளர்களுக்குக் கிடைப்பது அடிப்பூச்சின் துகள். நேர்மையான மனிதர்கள், கிடைத்ததை மட்டும் பூசி நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தக் காலத்து வர்ணக்காரனும் அத்தோடு சாரத்தை விட்டு இறங்கிப் போனான் என்று நான் நம்பத் தயாராக இல்லை. எகிப்தில் ரோமானியர் ஆட்சியின்போது பதப்படுத்திய உடல்களின் முகத்தின் மேல் வைத்துக் கட்டிய மரப்பலகை முகங்களைப் பாருங்கள். கண்ணின் ஈரம் தெரியும், மேலுதட்டின் நிழல் தெரியும். பலகையில் இவ்வளவு தெரிந்தவனுக்குச் சிலையில் மட்டும் கை வராமலா போயிருக்கும்? ரோமில் 1884-இல் கிடைத்த ஒரு பெண் தலை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. தோல் நிறம் ஓரளவு பிழைத்த அபூர்வமான சிலை. அதன் தோலுக்குள் எகிப்திய நீலம் கலந்திருக்கிறது என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது. துளி நீலம்! நான் மேலே சொன்னதேதான்.

இன்னொன்று, உயரம். கோபுரத்தில் மேல் நிலையில் உள்ள பொம்மையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் பயமாக இருக்கும். புருவம் விரல் தடிமன், விழி கீழ் நோக்கி. தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்காக அப்படி வைக்கிறோம். பார்த்தினான் கோயிலின் சிற்பப் பட்டை தரையிலிருந்து ஏறத்தாழ நாற்பது அடி உயரத்தில், கூரை நிழலில் இருந்தது. அந்த இருட்டில் ஆழ்ந்த நீலப் பின்னணியும் சிவப்பும் இல்லாவிட்டால் குதிரை எது, ஆள் எது என்று யாருக்குத் தெரியும்? அதைக் கழற்றிக்கொண்டு போய் மார்பு உயரத்தில் மாட்டி, விளக்குப் போட்டு, வர்ணம் ஏன் என்று கேட்கிறார்கள்.

நம் ஊருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது. அவர்களுடைய வெள்ளைக்குப் பதில் நாம் பழுப்பைப் பிடித்துக்கொண்டோம். சோழர், பல்லவர் என்று வருகிற படங்களிலும், இப்போது கணினியே வரைந்து தள்ளும் படங்களிலும் கோயிலும் அரண்மனையும் வெறும் கருங்கல், புழுதி நிறம், தீப்பந்தம். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உள் நடையில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் ஒளிந்திருந்ததைக் கோவிந்தசாமி என்ற பேராசிரியர் 1931-இல் கண்டுபிடித்தார். அதே ஆண்டு காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பல்லவர் கால ஓவியம் தெரியவந்தது. மகேந்திரவர்மனுக்குச் ‘சித்திரகாரப்புலி’ என்றே ஒரு பட்டம். புகார் நகரத்து மாடங்களில் வெண்சுதையின் மேல் தெய்வங்கள் முதல் எல்லா உயிர்களையும் தீட்டி வைத்திருந்ததையும், மக்கள் அதை நின்று பார்த்ததையும் மணிமேகலை சொல்கிறது. வெண்சுதை என்றால் எங்கள் சுதைதான். இவ்வளவையும் வைத்துக்கொண்டு நம் கலை இயக்குநர்கள் இராசராசனைக் கற்சுரங்கத்துக்குள் குடிவைக்கிறார்கள்.

இதன் விளைவு என் தொழிலுக்குள் வந்துவிட்டது. அண்மையில் ஒரு கோயிலின் திருப்பணிக் கூட்டத்தில் இளைஞர் ஒருவர், பஞ்சவர்ணம் எல்லாம் வேண்டாம், சினிமாவில் வருவதுபோல் கோபுரம் முழுக்கக் கல் நிறத்தில் ஒரே பூச்சாக அடித்துவிடுங்கள், அப்போதுதான் பழமையாக இருக்கும் என்றார். பலர் தலையாட்டினார்கள். செங்கல்லும் சுதையுமான கோபுரத்துக்குக் கருங்கல் வேஷம் போடச் சொல்கிறார்கள். எனாமல் கண்ணைக் குத்துகிறது என்று சொன்னால் நானும் ஒப்புக்கொள்வேன். எண்ணெய் மின்னும் அந்தப் பச்சையும் ரோஜாவும் எனக்கும் பிடிக்காது. மின்னாத வர்ணம் வாங்குங்கள், காவியையும் மஞ்சளையும் அடக்கமாக வையுங்கள், நிழல் கொடுக்க ஒரு வாரம் கூடுதலாகக் கூலி கொடுங்கள் என்றேன். கூலி என்றதும் பேச்சு மாறிவிட்டது. இன்னும் முடிவாகவில்லை.

தங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பண்டைய உலகைப் பற்றி அடுத்து எழுதும்போது திரைப்படக் காட்சியை ஆதாரமாகப் போடாதீர்கள். நான் சொன்ன நியூயார்க் ஜாடியின் படம் அந்த அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் போடுங்கள். படத்துக்குக் கீழே எழுதும்போது ஹெராக்ளீஸோடு நிறுத்தாமல், அடுப்பருகே உள்ள பையனையும் ஒரு வரி குறிப்பிடுங்கள்.

தங்கள் வாசகன்,
கோபுர வர்ண வேலை செய்பவர்,
கும்பகோணம்.